ஓர் அனிமே தொடர் எப்போது முடிய வேண்டும்? நெய்வேலி ஷிப்ட் கணக்கில் ஒரு பார்வை

1999 அக்டோபரில் ஜப்பான் டிவியில் தொடங்கிய 'ஒன் பீஸ்' அனிமே, கால் நூற்றாண்டைத் தாண்டி ஏறக்குறைய வாராவாரம் ஓடிக்கொண்டே இருந்தது. 2021 நவம்பரில் 1,000-ஆவது எபிசோடு வந்தது. 1,150-ஐயும் நெருங்கித் தாண்டும் நேரத்தில், 2025 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியானது. 2026 ஜனவரி முதல் மார்ச் வரை தொடருக்கு ஓய்வு. ஏப்ரலில் 'எல்பாஃப்' கதையோடு திரும்பி வரும். அதன் பிறகு ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடு மட்டுமே.

கேட்பதற்கு ஏதோ கடையைச் சுருட்டுகிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்தத் தொடருக்கு ரொம்ப நாள் கழித்து நடந்த நல்ல காரியம் இது. ஏன் என்று புரிந்துகொள்ள ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. நெய்வேலி வரை போனால் போதும்.

57 ஷிப்ட்

நெய்வேலி டவுன்ஷிப்பில் நேரம் ஷிப்டில்தான் நகர்கிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகல் பார்ப்பதில்லை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் டிவி சத்தம் குறைய வேண்டும் என்பது அங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே பிள்ளை வளர்ந்து ஐடி வேலைக்குப் போனாலும் ஷிப்ட் விடுவதில்லை. ஆகவே அனிமேவின் நீளத்தை அளக்க, எபிசோடு எண்ணிக்கையைவிட ஷிப்ட் நேர்மையான அளவுகோல்.

ஓர் எபிசோடு 24 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். 'டெத் நோட்' 37 எபிசோடு. இரண்டு ஷிப்டுக்குள் முடிந்துவிடும். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' 64 எபிசோடு; மூன்று ஷிப்டும் கொஞ்சம் ஓவர்டைமும். 'நருட்டோ' 220, அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்' 500, ஆக மொத்தம் 36 ஷிப்ட். 'ஒன் பீஸ்' 1,150 எபிசோடு என்றால் 460 மணி நேரம். அதாவது 57 ஷிப்ட். வாரம் ஆறு நாள் வேலை என்று பார்த்தால், ஒன்பது வாரத்துக்கும் மேலான உழைப்பு. சம்பளம் கிடையாது.

இந்த 57 ஷிப்டையும் தவறு என்று சொல்ல முடியாது. பிடித்த கதையோடு வருடக்கணக்கில் வாழ்வது ஒரு சுகம். கேள்வி, அந்த 57 ஷிப்டில் எத்தனை ஷிப்ட் கதை, எத்தனை ஷிப்ட் காத்திருப்பு என்பதுதான்.

மேல்மண் எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தரைமட்டத்தில் கிடப்பதில்லை. அதற்கு மேலே பல பத்து மீட்டர் உயரத்துக்கு மண் இருக்கிறது. 1957 மே மாதம் தோண்டத் தொடங்கினார்கள். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. நான்கு வருடம் வெறும் மண். இன்றும் ஒரு டன் நிலக்கரி எடுக்க ஏறக்குறைய ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. இந்த விகிதம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சுரங்கம் கட்டுபடியாகுமா, ஆகாதா என்று முடிவாகும்.

"மச்சி, முதல் நூறு எபிசோடு மட்டும் பொறுத்துக்கோ, அப்புறம் வேற லெவல்" என்று அனிமே நண்பர்கள் சொல்வது இந்த மேல்மண் கணக்கைத்தான்.

அனிமேவில் மேல்மண்ணுக்குப் பெயர் ஃபில்லர். அது எப்படி உருவாகிறது? பெரும்பாலான நீண்ட அனிமேக்களுக்கு மூலம், ஜப்பானிய வார இதழ்களில் வரும் மாங்கா என்கிற படக்கதை. வாரம் ஓர் அத்தியாயம், இருபது பக்கத்துக்குள். ஒழுங்கான வேகத்தில் கதை சொன்னால் ஓர் அனிமே எபிசோடு சுமார் இரண்டு அத்தியாயங்களை விழுங்கிவிடும். மாங்காவும் வாரம் ஒன்று, அனிமேவும் வாரம் ஒன்று என்றால், சில வருடங்களில் அனிமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். பிடித்த பிறகு என்ன செய்வது? நிறுத்தலாம். ஆனால் டிவியில் அந்த நேரம் ஏற்கெனவே விற்பனையாகிவிட்டது. எனவே மாங்காவில் இல்லாத கதைகளை நடுவில் சொருகுகிறார்கள்.

'நருட்டோ' முதல் பாகத்தில் 135-ஆவது எபிசோடுக்குப் பிறகு நடந்தது அதுதான். சசுகே ஊரைவிட்டுப் போய்விட்டான். நருட்டோ அவனைத் தேட வேண்டும். பார்ப்பவர் நெஞ்சு படபடக்கிறது. அந்த நேரத்தில் 80-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் கதைக்குச் சம்பந்தமில்லாத வேலைகளுக்குப் போய்வந்தன. 2022-ல் சோனி யாய் சேனல் நருட்டோவைத் தமிழில் பேச வைத்தபோது புதிதாக உள்ளே வந்தவர்களுக்கு, பழைய ரசிகர்கள் கொடுக்கக்கூடிய முதல் உதவி எந்தெந்த எபிசோடைத் தாண்டலாம் என்ற பட்டியல்தான். ஒரு கதையை ரசிக்க முதலில் தவிர்ப்புப் பட்டியல் தேவைப்பட்டால், அந்தச் சுரங்கத்தின் விகிதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஃபில்லர் எல்லாமே குப்பை என்பதும் சரியில்லை. கக்காஷி சாரின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் மூன்று பேரும் அலையும் எபிசோடு, மாங்காவில் இல்லாத கதை. ஆனாலும் அதைத் தாண்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

'ஒன் பீஸ்' வேறு வழியில் போனது. ஃபில்லரைக் குறைத்துக்கொண்டு, உள்ள கதையை ஜவ்வு மாதிரி இழுத்தது. ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எபிசோடு, சில நேரம் அதுவும் இல்லை. ஒருவர் அதிர்ச்சி அடைவார். சுற்றியிருக்கும் பத்துப் பேரும் தனித்தனியாக அதிர்ச்சி அடைவார்கள். போன வார எபிசோடின் கடைசி நிமிடங்கள் இந்த வாரம் மறுபடி ஓடும். ஃபில்லரையாவது தாண்டிப் போகலாம். இழுவையைத் தாண்ட வழியில்லை, மண்ணும் கரியும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னோடி 'டிராகன் பால் ஸீ'. நமேக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃப்ரீஸா சொல்வான். அந்த ஐந்து நிமிடம் பல எபிசோடுகளுக்கு ஓடும். பின்னாளில், 2009-ல், அதே தயாரிப்பாளர்கள் 'டிராகன் பால் ஸீ கய்' என்ற பெயரில் பழைய தொடரை வெட்டிச் சீராக்கி வெளியிட்டார்கள். 291 எபிசோடு, 160-ஐ ஒட்டிச் சுருங்கியது. கதையில் எதுவும் குறையவில்லை. சுமார் 130 எபிசோடு மேல்மண்தான் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

சித்தி முதல் எதிர்நீச்சல் வரை

தமிழ் வீடுகளுக்கு இந்த இழுவை ஒன்றும் புதுசு இல்லை. சன் டிவியில் 1999-ல் தொடங்கிய 'சித்தி' 500 எபிசோடைத் தொடாமல் 2001-ல் முடிந்தது. 2002-ல் வந்த 'மெட்டி ஒலி' 800-ஐத் தாண்டியது. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' ஆறு வருடம் ஓடி, 1,500-ஐத் தாண்டி, 2009 டிசம்பரில்தான் ஓய்ந்தது. பத்து வருடத்தில் ஒரு கதையின் நீளம் மூன்று மடங்கு ஆனது. கதை மூன்று மடங்கு ஆனதா என்பதை அந்தக் காலத்து அம்மாக்களிடம்தான் கேட்க வேண்டும். "நாலு நாள் பார்க்கலைன்னாலும் ஒண்ணும் விட்டுப்போகாது" என்பது மெகா சீரியலைப் பற்றி வீட்டுக்கு வீடு கேட்ட விமர்சனம்.

'கோலங்கள்' இயக்குநர் திருச்செல்வம்தான் பின்னாளில் 'எதிர்நீச்சல்' எடுத்தார். 2022-ல் தொடங்கிய அது, 2024 ஜூனில் முடிந்தது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது, கதையின் அச்சே அவர்தான் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும். வேறு நடிகரை வைத்துத் தொடர்ந்தார்கள். முடித்த ஆறு மாதத்தில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று அடுத்த பாகமும் வந்துவிட்டது. சீரியலில் 'சுபம்' போடுவதற்குக்கூட இப்போது உத்தரவாதம் இல்லை.

ஆனால் வாராவாரம் வரும் கதையை ஒழுங்காக முடிக்கவே முடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கல்கி அதைச் செய்து காட்டினார். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி, 1954 மே மாதம் முடிந்தது. மூன்றரை வருடம், 293 அத்தியாயம். பத்திரிகையும் அவருடையது, விற்பனையும் குறையவில்லை; இன்னும் மூன்று வருடம் ஓட்டியிருக்கலாம். வந்தியத்தேவனை ஈழத்துக்கு இன்னொரு தடவை அனுப்பினால் யார் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்? ஆனால் அருள்மொழிவர்மன் கைக்கு வந்த மகுடத்தை விட்டுக்கொடுக்கும் இடம்தான் கதையின் உச்சம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே நிறுத்தினார். அப்புறம் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்கு ஒரு முடிவுரையில் பதில் எழுதி முடித்துக்கொண்டார்.

அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமர தாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்திதான் அதை முடித்துக் கொடுத்தார். தொடர்கதையின் நீளம் எழுதுபவரின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தமிழில் இல்லை.

ஓவர்ஹால் இல்லாத மெஷின்

ஜப்பானில் இதே கதை இன்னும் கடுமையாக நடந்தது. கென்டாரோ மியூரா 1989-ல் தொடங்கிய 'பெர்செர்க்' மாங்காவை முப்பது வருடத்துக்கு மேல் வரைந்தார். 2021 மே மாதம், 54 வயதில் இறந்துபோனார். கதை முடியவில்லை. முடிவு எப்படி என்று அவர் தன் நண்பர் கோஜி மோரியிடம் சொல்லியிருந்ததால், 2022 முதல் அவர் மேற்பார்வையில் தொடர்கிறது. 'ஹன்டர் எக்ஸ் ஹன்டர்' வரையும் யோஷிஹிரோ டொகாஷிக்கு முதுகுவலி; வருடக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டுத்தான் அத்தியாயங்கள் வருகின்றன. 1997 முதல் 'ஒன் பீஸ்' வரையும் எய்ச்சிரோ ஓடா, 2023-ல் கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரம் ஓய்வு எடுத்தார்.

ரசிகர்கள் இதைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிங்கப்பா, முடியாமலே போயிடும்போல" என்று பதறுவது நியாயம்தான். ஆனால் குறி தப்புகிறது. பிரச்சினை நீளத்தில் இல்லை. நிறுத்தாமல் ஓட்டுவதில் இருக்கிறது.

மின் நிலையத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இது தெரிந்த விஷயம். எவ்வளவு நல்ல யூனிட்டாக இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிரித்து, பழுது பார்த்து மறுபடி ஓட்டுவார்கள். அதற்குப் பெயர் ஓவர்ஹால். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. முதல் யூனிட் 1962-ல் ஓடத் தொடங்கியது. 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்து, 2020 செப்டம்பரில்தான் முழுதாக ஓய்வு பெற்றது. பராமரிப்பு இல்லாமல் 58 வருடம் எந்த இயந்திரமும் ஓடாது.

அந்த நிலையத்துக்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புதியது தயாராக வேண்டியிருந்தது, ஏனென்றால் மின்சாரம் நிற்கக் கூடாது. டிவி சேனல்கள் கதையையும் மின்சாரம் மாதிரியே நினைத்துக்கொண்டன. 2017 மார்ச்சில் 'நருட்டோ ஷிப்புடென்' முடிந்தது. ஏப்ரலிலேயே அவன் மகன் கதையான 'போருட்டோ' தொடங்கிவிட்டது. மூலமான மாங்கா மாதம் ஓர் அத்தியாயம்தான், அனிமேவோ வாராவாரம். 293 எபிசோடு ஓடி, 2023 மார்ச்சில் நின்றபோது அதில் பெரும்பகுதி மேல்மண்ணாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கதை நின்றால் யார் வீட்டிலும் விளக்கு அணையாது. இந்த வித்தியாசம் புரிய அவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நிறுத்தி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 'ப்ளீச்' இருக்கிறது. 366 எபிசோடோடு 2012-ல் பாதியில் நின்றது. மாங்கா 2016-ல் முடிந்தது. பத்து வருடம் கழித்து, 2022 அக்டோபரில், கடைசிப் பகுதியை மட்டும் இடைவெளி விட்டு, தவணை தவணையாக எடுக்கத் தொடங்கினார்கள். படத்தின் தரமும் வேகமும் பழைய தொடரோடு ஒப்பிடவே முடியாத அளவு உயர்ந்தது. 'அட்டாக் ஆன் டைட்டன்' 2013-ல் தொடங்கி, முதல் சீசனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நான்கு வருடம் காக்க வைத்து, 2023 நவம்பரில் 90-ஐ ஒட்டிய எபிசோடுகளில் முடிந்தது. (அதன் 'இறுதி சீசன்' மட்டும் பாகம் பாகமாக மூன்று வருடம் நீண்டது என்பது வேறு கதை. கல்யாண வீட்டில் "கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்பதைப் போல.)

சரி, எத்தனை எபிசோடு?

ஒரே எண் கேட்டால், 50 முதல் 75. இதற்கு ஆதாரம் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. 2003-ல் முதல் அனிமே வந்தபோது மாங்கா பாதியில் இருந்தது. அனிமேக்காரர்கள் தாங்களே ஒரு முடிவு கட்டி 51 எபிசோடில் முடித்தார்கள். 2009-ல் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இந்தத் தடவை ஹிரோமு அரகாவா மாங்காவை முடிக்கும் நேரத்தை ஒட்டித் திட்டம். 2010 ஜூனில் மாங்கா முடிந்தது, ஜூலையில் அனிமே முடிந்தது. 27 தொகுதிக் கதை, 64 எபிசோடு, ஃபில்லர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. மூன்று ஷிப்டில் ஒரு முழுக் கதை.

குறைவாக இருந்தால் நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'தி பிராமிஸ்டு நெவர்லாண்ட்' முதல் சீசன் 12 எபிசோடில் ஊரையே கட்டிப்போட்டது. 2021-ல் வந்த இரண்டாவது சீசனில், மாங்காவின் பெரும் பகுதிகளை அப்படியே தாண்டி, 11 எபிசோடில் அவசர அவசரமாகக் கதையை மூடிவிட்டார்கள். இழுத்ததைவிட மோசமான துரோகம் அது. இழுவையிலாவது கதை உள்ளே எங்கோ இருக்கும். 2014-ல் வந்த 'நோ கேம் நோ லைஃப்' 12 எபிசோடோடு நின்றது. இரண்டாவது சீசனுக்கு ரசிகர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

முடிவே தேவைப்படாத தொடர்களும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்தது அவற்றோடுதான். 'ஷின்சான்' வரைந்த யோஷிட்டோ உசுய் 2009-ல் இறந்தார்; 'டோரேமான்' படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-லேயே போய்விட்டார். இரண்டு தொடரும் ஓடுகின்றன, யாருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் ஷின்சான் யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. அவன் என்றைக்கும் ஐந்து வயதுக்காரன், மித்ஸிக்கு என்றைக்கும் கோபம் வரும். அவ்வளவுதான். லூஃபி அப்படி இல்லை. புதையலைக் கண்டுபிடிப்பேன், கடற்கொள்ளையர்களின் ராஜா ஆவேன் என்று முதல் எபிசோடிலேயே சத்தியம் செய்திருக்கிறான். வாக்குக் கொடுத்த கதைக்குக் கடன் இருக்கிறது. 1999-ல் பத்து வயதில் பார்க்கத் தொடங்கியவருக்கு இன்று வயது 35-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கடனுக்கு வட்டியும் ஏறிவிட்டது.

முடித்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயத்துக்கு 'டீமன் ஸ்லேயர்' பதில் சொல்கிறது. கொயோஹாரு கொட்டோகே அந்த மாங்காவை 2020 மே மாதம், புகழின் உச்சியில் இருக்கும்போது, 23 தொகுதியில் முடித்தார். ஐந்து மாதம் கழித்து வந்த 'முகென் டிரெயின்' படம் ஜப்பானிலேயே அதிகம் வசூலித்த படம் ஆனது. 2025 செப்டம்பரில் 'இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடும் இங்கே தியேட்டருக்கு வந்தது. முடிவு என்ன என்பது புத்தகத்தில் ஐந்து வருடமாக இருக்கிறது. தெரிந்தே டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்.

'ஒன் பீஸ்' இப்போது எடுத்திருக்கும் முடிவும் அந்தப் பக்கம் ஓர் அடி. ஆண்டுக்கு 26 எபிசோடு என்றால் ஒன்றரை ஷிப்ட்கூட இல்லை. மாங்கா 2022-லேயே கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. இந்த வேகத்தில் அனிமே முடிய இன்னும் பல வருடம் ஆகும். அதைப் பற்றிப் புலம்புவதைவிட, ஒவ்வொரு எபிசோடிலும் மண் குறைந்து கரி கூடியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் ரசிகருக்கு லாபம்.

இன்னும் தொடங்காதவருக்கு வேறொரு வழியும் வருகிறது. நெட்ஃபிளிக்ஸுக்காக விட் ஸ்டூடியோ இதே கதையை 'தி ஒன் பீஸ்' என்ற பெயரில் முதலிலிருந்து மறுபடி எடுக்கிறது. அறிவிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அதற்குக் காத்திருக்கலாம். பொறுமை இல்லாதவர் இன்று நைட் ஷிப்ட் முடித்து வந்து முதல் எபிசோடைப் போட்டால், இன்னும் 57 ஷிப்ட் பாக்கி.